மினுங்கும் எல்இடியும் லேசர் வெட்டும்: சிறு அலங்கார விளக்கு செய்வது எப்படி?

உள்ளங்கையில் அடங்கும் மரப்பெட்டி. அதன் பக்கங்களில் இலையோ கொடியோ விண்மீனோ துளைச் சித்திரமாக வெட்டப்பட்டிருக்கும். உள்ளே சுடர்போல் மினுங்கும் ஒரு சின்ன எல்இடி. இத்தகைய விளக்கைச் செய்யப் பெரிய மின்னணு அறிவோ தச்சு அனுபவமோ தேவையில்லை. லேசர் இயந்திரம் கிடைத்தால் ஒரு நாளில் முடிக்கலாம். ஆனால் முதல் விளக்கை முடித்த பலர், படத்தில் பார்த்ததுபோல் அது ஏன் ஒளிரவில்லை என்று குழம்புகிறார்கள். பெரும்பாலும் வெட்டில் குறை இருக்காது, எல்இடியிலும் இருக்காது. வடிவத்தைத் தேர்வதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டிருப்பார்கள்: பார்ப்பவர் கண் எங்கே போக வேண்டும், விளக்கின் மேலா, விளக்கு சுவரில் வீழ்த்தும் நிழலின் மேலா?

இரண்டும் வெவ்வேறு பொருள்கள். ஒன்றுக்கு நல்லதாக இருப்பது மற்றொன்றைக் கெடுக்கும். அதனால் இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போகிறேன்.

ஒளிரும் விளக்கு, நிழல் விளக்கு

முதல் வகையை ஒளிரும் விளக்கு என்று வைத்துக்கொள்வோம். துளைகளுக்கு உட்புறம் டிரேசிங் பேப்பரோ மெல்லிய வெள்ளைத் தாளோ ஒட்டியிருக்கும். எல்இடியின் வெளிச்சம் முதலில் அந்தத் தாளில் விழுந்து சிதறுகிறது. அதன் பிறகு நம் கண்ணுக்கு ஒளி தருவது எல்இடி அல்ல, தாள்தான். ஒவ்வொரு துளையும் விளக்கேற்றிய வீட்டின் சன்னல்போலத் தெரியும். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் சித்திரம் முழுதாக இருக்கும். சுவரில் நிழல் விழாது. விழுந்தாலும் மங்கலான ஒரு பரவல்தான்.

நிழல் விளக்கில் தாள் கிடையாது. எல்இடியிலிருந்து கிளம்பும் ஒளி துளை வழியாக நேராக வெளியேறிச் சுவரில் விழுந்து, சித்திரத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. இங்கே விளக்கை நேருக்கு நேர் பார்த்தால் கண்ணைக் குத்தும் ஒரு புள்ளி மட்டுமே தெரியும். அழகெல்லாம் சுவரில்தான்.

தாளை ஒட்டிவிட்டு நிழலை எதிர்பார்ப்பதும், தாளே ஒட்டாமல் பெட்டி பளபளவென்று ஒளிர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும்தான் புதியவர்களின் ஏமாற்றத்துக்குக் காரணம். பெட்டியின் உட்புறத்துக்கு என்ன நிறம் அடிப்பது என்பதிலும் இதே பிரிவுதான். ஒளிரும் விளக்குக்கு உள்ளே வெள்ளை அடிக்க வேண்டும். வெளிச்சம் பெட்டியின் பக்கத்துக்குப் பக்கம் மோதித் திரும்பித் தாளை எல்லா இடத்திலும் எட்டும். நிழல் விளக்குக்கு உள்ளே பளபளப்பில்லாத கறுப்பு. இல்லையென்றால் மோதித் திரும்பும் ஒளியும் துளை வழியே வெளியேறி நிழலின் கருமையைக் கரைத்துவிடும்.

நிழல் ஏன் சில விளக்குகளில் கூர்மையாகவும் சிலவற்றில் குழம்பியும் விழுகிறது என்பதை ஒரு சிறு கணக்கு விளக்கிவிடும். 80 மி.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்இடி சரியாக நடுவில் இருக்கிறது. பெட்டியின் பக்கப் பலகை அதிலிருந்து 40 மி.மீ. தொலைவு, அறையின் சுவர் 400 மி.மீ. தொலைவு. சுவர் பத்து மடங்கு தள்ளியிருப்பதால் பலகையில் 8 மி.மீ. நீளமுள்ள இலை சுவரில் 80 மி.மீ. இலையாக விழும். இனி விளிம்பின் மங்கலைப் பார்ப்போம். ஒளி மூலத்தின் அகலத்தை, பலகைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தூரத்தால் பெருக்கி, மூலத்துக்கும் பலகைக்கும் இடையிலுள்ள தூரத்தால் வகுத்தால் மங்கலின் அகலம் கிடைக்கும். மூலம் 5 மி.மீ. அகலம் என்றால் மங்கல் 45 மி.மீ.; 80 மி.மீ. இலையில் பாதிக்கு மேல் புகையாகிவிடும். மூலம் 1 மி.மீ. மட்டுமே என்றால் மங்கல் 9 மி.மீ.தான், இலை இலையாகவே தெரியும். நிழல் வேண்டுமானால் ஒளி மூலம் சிறியதாக, ஒரு புள்ளிபோல் இருக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். ஒளிரும் விளக்குக்கு நேர் எதிர்: மூலம் எவ்வளவு பரந்ததோ அவ்வளவு நல்லது.

முதல் முறை செய்கிறவர்களுக்கு நான் எப்போதும் ஒளிரும் விளக்கையே சொல்வேன். எல்இடி ஓரிரு மி.மீ. தள்ளி நின்றாலும், பலகை கொஞ்சம் வளைந்திருந்தாலும் தாள் அதையெல்லாம் மறைத்துவிடும்.

பலகையின் தடிமன் செய்யும் வேலை

வரைபடத்தில் துளை வெறும் கோடு. உண்மையில் அது ஒரு குட்டிச் சுரங்கம். பலகை 3 மி.மீ. தடிமன் என்றால் சுரங்கத்தின் நீளமும் 3 மி.மீ. ஒளி நேராக வந்தால் சிக்கலில்லை. சாய்ந்து வந்தால் சுரங்கத்தின் சுவரில் முட்டி நின்றுவிடும்.

அதே 80 மி.மீ. பெட்டியில், நடுவிலுள்ள எல்இடியிலிருந்து பலகையின் பக்கவாட்டு ஓரத்தை நோக்கிப் போகும் ஒளி 45 பாகைச் சாய்வில் போகிறது. அந்தச் சாய்வில் 3 மி.மீ. தடிமனைக் கடப்பதற்குள் ஒளி 3 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்துவிடும். ஆகவே ஓரத்தில் 2 மி.மீ. அகலத்தில் ஒரு நெட்டுக் கீற்று வெட்டியிருந்தால், அதன் வழியே ஒரு துளி ஒளிகூட நேராக வெளியே வராது. நடுவில் அதே கீற்று அழகாக ஒளிரும். எல்இடியை நடுவில் தூக்கி வைக்காமல் பெட்டியின் தரையிலேயே ஒட்டிவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: 40 மி.மீ. தள்ளியுள்ள பலகையின் 80 மி.மீ. உயர மேல்விளிம்புக்குப் போகும் ஒளிக்கு வழிவிட, துளை 6 மி.மீ.க்கு மேல் உயரமாக இருந்தாக வேண்டும். நிழல் விளக்கு செய்த பலர் "மேல் வரிசை மட்டும் இருட்டாக இருக்கிறது" என்று சொல்வது இதனால்தான்.

இதற்குத் தீர்வுகள் எளியவை. எல்இடியைச் சித்திரத்தின் நடு உயரத்துக்குத் தூக்குங்கள். ஓரத்தை நெருங்க நெருங்கத் துளைகளைப் பெரிதாக்குங்கள். அல்லது 3 மி.மீ.க்குப் பதில் 1.5 மி.மீ. பலகையோ கனமான அட்டையோ பயன்படுத்துங்கள். தாள் ஒட்டிய விளக்கில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. தாள் துளையின் உள்வாயிலேயே நின்று எல்லாத் திசையிலும் ஒளியைச் சிதறடிப்பதால், பெட்டியை எதிரில் நின்று பார்ப்பவருக்கு எல்லாத் துளையும் ஒளிரும்.

மினுங்கும் எல்இடிக்குள் என்ன இருக்கிறது?

கடைகளில் மெழுகுவர்த்தி எல்இடி என்றும் ஃபிளிக்கர் எல்இடி என்றும் விற்கப்படுவது, வெளியிலிருந்து பார்க்கச் சாதாரண 5 மி.மீ. எல்இடிதான். இரண்டே கால்கள். பூதக்கண்ணாடி வைத்து அதன் தலைக்குள் பார்த்தால், ஒளிரும் சில்லுக்கு (சிப்) பக்கத்தில் இன்னொரு கரிய சில்லு உட்கார்ந்திருப்பது தெரியும். மினுங்கல் முழுவதும் அதன் கைவேலை. அதற்குள் ஒரு கடிகாரத் துடிப்பும், தாறுமாறாகத் தோன்றும் எண்களை வரிசையாக உருவாக்கும் ஒரு சுற்றும் இருக்கின்றன. ஒவ்வொரு எண்ணும் ஒரு பிரகாச அளவு. வினாடிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவைபோல அந்த அளவு மாறிக்கொண்டே இருப்பதால், கண்ணுக்கு அது சுடர் துடிப்பதாகத் தெரிகிறது. நிரல் எழுத வேண்டாம், தனிச் சுற்று வேண்டாம். மின்சாரம் கொடுத்தால் போதும்.

உண்மையான சுடரோடு ஒப்பிட்டால் இரண்டு வேறுபாடுகள் உண்டு. காற்றசைவே இல்லாத அறையில் மெழுகுவர்த்திச் சுடர் ஏறக்குறைய ஆடாமல் நிற்கும். காற்று தொட்டால்தான் ஒரு கணம் தாழ்ந்து, மெல்ல நிமிரும். மினுங்கும் எல்இடி ஓயாமல் துடிக்கும். தனியாக ஒன்றை மட்டும் வைத்தால் அது படபடப்பாகத் தெரிவது இதனால்தான். இதைத் தணிக்க, மினுங்கும் எல்இடி ஒன்றுக்குப் பக்கத்தில் அதே நிறத்தில் மினுங்காத சாதாரண எல்இடி ஒன்றை வையுங்கள். நிலையான வெளிச்சத்தின் மேல் துடிப்பு மெல்லிய அலையாக ஏறும். என் கண்ணுக்கு, ஒளிரும் விளக்கில் இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை.

இரண்டாவது வேறுபாடு நிழல் விளக்கில்தான் தெரியும். சுடர் ஆடும்போது ஒளி மூலம் இடம் மாறுகிறது. அதனால் நிழலும் நகர்கிறது. எல்இடி இடம் மாறுவதில்லை. நிழல் அதே இடத்தில் நின்று மங்கும், தெளியும், அவ்வளவுதான். நிழலை நகர வைக்க வேண்டுமானால் இரண்டு மினுங்கும் எல்இடிகளை ஒட்டி ஒட்டி வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் சொந்தக் கடிகாரம் என்பதால் இரண்டும் ஒத்துத் துடிக்காது. ஒன்று பிரகாசமாகும்போது மற்றது மங்க, நிழல் இடமும் வலமும் அசைவதாகத் தோன்றும். இங்கே 5 மி.மீ. எல்இடியைவிட 3 மி.மீ. எல்இடி நல்லது. மேலே சொன்ன பெட்டியில் இரண்டு மூலங்களும் 3 மி.மீ. இடைவெளியில் இருந்தால் சுவரில் இரண்டு நிழல்களும் 27 மி.மீ. விலகி விழும், 5 மி.மீ. என்றால் 45 மி.மீ. விலகும், அசைவுக்குப் பதில் இரட்டைப் படம் தெரியத் தொடங்கும்.

அடுத்தது எல்இடியின் தலை. குமிழ்போன்ற அந்தத் தலை ஒரு லென்ஸ். ஒளியைக் குறுகிய கூம்பாகத் திரட்டி முன்னோக்கி அனுப்பும். பெட்டிக்குள் நிமிர்ந்து நிற்கும் எல்இடி மூடியை மட்டும் பிரகாசமாக்கிவிட்டுப் பக்கங்களை இருட்டில் விடுவது இதன் விளைவு. ஒளிரும் விளக்கு என்றால் 400 எண் உப்புத்தாளால் தலை முழுவதையும் பாலாடைபோல் மங்கும்வரை தேயுங்கள். ஒளி எல்லாப் பக்கமும் பரவும். நிழல் விளக்கில் அப்படிச் செய்தால் 5 மி.மீ. தலை முழுவதும் ஒளி மூலமாகி நிழல் கெட்டுவிடும். அங்கே குமிழை அரத்தால் தட்டையாக அராவி, நுண்ணிய உப்புத்தாளால் மெருகேற்ற வேண்டும். லென்ஸ் போனதும் கூம்பு விரியும், உள்ளேயுள்ள நுண்ணிய சில்லே மூலமாக நிற்கும். சில்லுக்கு மேலே தலைமயிரைவிட மெல்லிய கம்பி ஒன்று வளைந்து போகிறது. அதைத் தொடும் அளவுக்கு அராவக் கூடாது. தட்டையாக்கிய எல்இடியும் பின்பக்கமாக ஒளி தராது என்பதால், நிழல் விளக்கில் எல்இடியைக் கிடைமட்டமாகச் சாய்த்து, சுவரைப் பார்க்கும் ஒரு பலகைக்கு மட்டும் சித்திரம் வெட்டுவது நல்லது.

நிறம் பற்றிச் சுருக்கமாக. மஞ்சள் எல்இடி ஏறக்குறைய ஒற்றை நிற ஒளியையே தருகிறது. வெறும் மரத்துக்கும் வெள்ளைத் தாளுக்கும் அது இதமாக இருக்கும். ஆனால் துளைகளுக்குப் பின்னால் நீலமும் பச்சையுமாக நிறத்தாள் ஒட்டினால் நீலம் கறுப்பாகவே தெரியும், ஏனென்றால் அந்த வெளிச்சத்தில் நீலமே இல்லை. நிறத்தாள் வைக்கிறவர்கள் வெதுவெள்ளை எல்இடி வாங்க வேண்டும். அது உண்மையில் நீலச் சில்லு ஒன்றின் மேல் மஞ்சள் ஒளி தரும் பூச்சு பூசியது. எல்லா நிறமும் ஓரளவு அதில் உண்டு.

மின்சாரம்

எல்இடியின் நீளமான கால் நேர்முனை. கால்களை வெட்டிவிட்டால் தலையின் அடிவிளிம்பைத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அது எதிர்முனை.

மிக எளிய வழி, சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரியை எல்இடியின் இரண்டு கால்களுக்கும் நடுவில் செருகுவது. 20 மி.மீ. குறுக்களவு, 3.2 மி.மீ. தடிமன். அதன் உள்தடையே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் தனியாக ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைக் குறைக்கும் மின்தடை) வேண்டாம். மஞ்சள் எல்இடிக்கு 2 வோல்ட்போலப் போதும் என்பதால் இதில் நெடுநேரம் எரியும். வெதுவெள்ளைக்கு 3 வோல்ட் வேண்டியிருப்பதால் பேட்டரி கொஞ்சம் இறங்கியதுமே மங்கிவிடும்.

சின்னக் குழந்தைகள் இருக்கும் இடத்துக்குப் போகும் விளக்கில் பட்டன் பேட்டரியை வைக்காதீர்கள் என்பதே என் கருத்து. விழுங்கப்பட்டு உணவுக்குழாயில் தங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் அது திசுக்களை அரித்துப் புண்ணாக்கும் ஆபத்து உண்டு. வைத்தே ஆக வேண்டுமென்றால் பேட்டரி அறையின் மூடி திருகாணி போட்டு மூடுவதாக இருக்க வேண்டும்; கையால் தள்ளித் திறக்கும் மூடி போதாது.

இரண்டு ஏஏ பேட்டரிகளைத் தொடராக இணைத்தாலும் அதே 3 வோல்ட்தான், ஆனால் தாங்கும் நேரம் பல மடங்கு. நல்ல ஆல்கலைன் பேட்டரிகள் ஒரு மஞ்சள் எல்இடியை நூறு மணி நேரத்துக்கு மேல் எரிய வைக்கும். இங்கே ரெசிஸ்டர் தேவை. கணக்கு இதுதான்: கிடைக்கும் வோல்ட்டிலிருந்து எல்இடிக்கு வேண்டிய வோல்ட்டைக் கழித்து, வேண்டிய மின்னோட்டத்தால் வகுக்க வேண்டும். 3 கழித்தல் 2 என்பது 1 வோல்ட். 15 மில்லி ஆம்பியர், அதாவது 0.015 ஆம்பியர் வேண்டும். வகுத்தால் சுமார் 67 ஓம். கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 68 ஓம். யுஎஸ்பி வழியாக 5 வோல்ட் கொடுத்தால் 3 வோல்ட்டை 0.015ஆல் வகுத்து 200 ஓம்; 220 ஓம் போடலாம். இரண்டு எல்இடி என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரெசிஸ்டர். பவர் பேங்கில் செருகிய விளக்கு சில நொடிகளில் தானாக அணைந்தால் விளக்கில் பழுதில்லை. இவ்வளவு குறைந்த மின்னோட்டத்தைப் பல பவர் பேங்குகள் எதுவும் இணைக்கப்படாததாகவே எடுத்துக்கொள்கின்றன.

எல்இடி இந்த அளவில் செலவழிப்பது ஒரு வாட்டில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. மெழுகுவர்த்திச் சுடர் ஒன்று வெளியிடும் வெப்பமோ சுமார் 80 வாட். தாளையும் மெல்லிய மரத்தையும் ஒளிக்கு இவ்வளவு அருகில் வைக்க முடிவது இந்த வேறுபாட்டால்தான். எல்இடிக்காகச் செய்த விளக்கில் ஒருபோதும் உண்மையான சுடரை ஏற்றக் கூடாது. பரிசாகக் கொடுக்கும்போது அடிப்பலகையிலேயே இதை லேசரால் பொறித்துவிடுவது நல்ல பழக்கம்.

லேசரும் பலகையும்

பட்டறைகளில் இரண்டு வகை இயந்திரங்களைப் பார்ப்பீர்கள். ஒன்று கார்பன் டை ஆக்ஸைடு லேசர். 1964இல் பெல் ஆய்வகத்தில் குமார் பட்டேல் உருவாக்கியது இந்த வகைதான். அதன் 10.6 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை மரம், தாள், அக்ரிலிக் என்ற கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் எல்லாமே மேற்பரப்பிலேயே உறிஞ்சிவிடும். கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் அக்ரிலிக்கூட இந்த ஒளிக்குச் சுவர்தான். அதனால் சுத்தமாக வெட்டுப்படும். 40 வாட் இயந்திரம் 3 மி.மீ. பிளைவுட்டை ஒரே ஓட்டத்தில் வெட்டும். மற்றது டயோடு லேசர், சுமார் 450 நானோமீட்டர் நீல ஒளி. வீட்டு மேசையில் வைக்கத்தக்கது. மெல்லிய பிளைவுட்டை வெட்டும், சிறிய இயந்திரமானால் பல ஓட்டம் தேவைப்படும். தெளிவான அக்ரிலிக்கை அதனால் வெட்டவே முடியாது, ஒளி ஊடுருவிப் போய்விடும்.

பலகையைத் தேர்வதில் விட்டுக்கொடுக்கவே கூடாத விதி ஒன்று: பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆன எதையும் லேசருக்குள் வைக்காதீர்கள். ஃபோம் போர்டாக, ஸ்டிக்கர் தாளாக, செயற்கைத் தோலாகப் பல வேடங்களில் அது வரும். எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியாகி நுரையீரலையும் இயந்திரத்தையும் சேர்த்து அரிக்கும். இன்னதென்று தெரியாத பிளாஸ்டிக்கை வெட்டாமல் விடுவதே சரி.

முதல் விளக்குக்கு 3 மி.மீ. பிளைவுட் போதும். வெளிப்புற வேலைக்கான பிளைவுட் வேண்டாம், அதன் பசை லேசருக்கு எளிதில் வழிவிடாது. மர நார்த்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை சீராக வெட்டுப்படும். ஆனால் விளிம்பு கரிக்கட்டைபோல் கறுத்துக் கையில் ஒட்டும், புகையும் அதிகம். பால்வெள்ளை அக்ரிலிக் கிடைத்தால் தாளுக்குப் பதில் அதையே ஒளிபரப்பியாக வைக்கலாம். லேசரில் வெட்டிய அக்ரிலிக் விளிம்பை ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் நுண்விரிசல்கள் ஓடும். சோப்புத் தண்ணீர் போதும்.

வெட்டும்போது புகைபோக்கி ஓட வேண்டும், மூடி மூடியிருக்க வேண்டும், ஆள் அருகிலேயே நிற்க வேண்டும். திறந்த சட்டமுள்ள டயோடு இயந்திரத்துக்கு அந்த அலைநீளத்துக்கென்றே செய்த பாதுகாப்பு மூக்குக்கண்ணாடி கட்டாயம். மரமும் அக்ரிலிக்கும் தீப்பிடிக்கும் பொருள்கள். லேசர் ஓடும்போது அறையை விட்டு வெளியே போவதற்கு எந்தக் காரணமும் போதாது.

வரைபடம்

இங்க்ஸ்கேப் போன்ற இலவச வரைகலை மென்பொருள் போதும். வெட்டுக் கோடு ஒரு நிறம், மேலோட்டமாகப் பொறிக்கும் பகுதி இன்னொரு நிறம்.

முதலில் வருவது தீவுப் பிரச்சினை. ஒரு வட்டத்தை வெட்டி அதற்குள் ஒரு நட்சத்திரம் நிற்க வேண்டும் என்று வரைந்தால், வட்டம் வெட்டுப்பட்டதும் நட்சத்திரமும் சேர்ந்தே கீழே விழும். அதைப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒரு பாலம் வேண்டும். நல்ல துளைச் சித்திரத்தில் இந்தப் பாலங்கள் தனியாகத் தெரியாது. இலையின் நரம்பாகவோ கொடியின் வளைவாகவோ சித்திரத்தோடு கலந்திருக்கும். 3 மி.மீ. பிளைவுட்டில் பாலத்துக்கு 2 மி.மீ. அகலமாவது கொடுங்கள். அதைவிடக் குறைந்தால் இருபுறமும் கருகி, உப்புத்தாள் போடும்போதே முறியும்.

அடுத்தது வெட்டு அகலம். லேசர் போன கோட்டில் மரம் ஆவியாகிவிடுகிறது. அந்த அகலம் பெரும்பாலும் 0.1 முதல் 0.3 மி.மீ. வரை. பார்க்க அற்பம். பெட்டியின் மூலைகளைப் பல்லும் பள்ளமுமாகப் பூட்டும்போதுதான் அதன் வேலை தெரியும். இரண்டையும் 10 மி.மீ. என்று வரைந்து, வெட்டு அகலம் 0.2 மி.மீ. ஆக இருந்தால், பல் 9.8 ஆகவும் பள்ளம் 10.2 ஆகவும் வரும். 0.4 மி.மீ. இடைவெளி, பெட்டி ஆடும், அந்த இடுக்கு வழியே வெளிச்சமும் கசியும். விளக்கு இல்லாத பெட்டியில் மன்னிக்கத்தக்க இடுக்கு, விளக்கில் பளிச்சென்று கோடாகத் தெரியும்.

உங்கள் இயந்திரத்தின் வெட்டு அகலத்தை அளப்பது எளிது. 100 மி.மீ. நீளச் செவ்வகம் ஒன்றை வரைந்து பத்துச் சம துண்டாக வெட்டுங்கள். துண்டுகளை நெருக்கி அடுக்கி, வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவியால் மொத்த நீளத்தை அளங்கள். 98.2 மி.மீ. வந்தால் 1.8 மி.மீ. காணாமல் போயிருக்கிறது, பத்தால் வகுத்தால் 0.18 மி.மீ. அதில் பாதி, அதாவது 0.09 மி.மீ. அளவுக்கு, ஒவ்வொரு துண்டின் வெளிக்கோட்டையும் வெளிப்பக்கமாக நகர்த்திவிட்டால் இணைப்பு இறுகும். பலகையின் தடிமனையும் அதே வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். 3 மி.மீ. என்று விற்கப்படும் பிளைவுட் 2.7 ஆகவும் இருக்கும், 3.2 ஆகவும் இருக்கும். பல்லின் ஆழம் அந்த உண்மையான அளவுக்கே வரையப்பட வேண்டும்.

வட்ட விளக்கு வேண்டுமென்றால் பலகையில் வரிசை மாற்றி நெருக்கமாகக் கீறல்கள் வெட்டினால் பிளைவுட்டே வளையும். கீறல்கள் மேற்பரப்பு மர இழையின் திசையிலேயே ஓடட்டும். குறுக்கே ஓடினால் பட்டைகள் முறிந்துபோகும். ஆனால் இது இரண்டாவது மூன்றாவது விளக்குக்கான வேலை.

வெட்டும் வரிசையில் உள்துளைகள் முதலிலும் வெளிவிளிம்பு கடைசியிலும் வர வேண்டும். வெளிவிளிம்பு முதலில் வெட்டுப்பட்டால் துண்டு நகர்ந்து, பிறகு வெட்டப்படும் துளைகள் இடம் மாறிவிடும். பலகையின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு வெட்டினால் புகைக் கறை டேப்போடு போய்விடும்.

பூட்டும் வேலை

ஒட்டுவதற்கு முன் எல்லாத் துண்டுகளையும் பசையில்லாமல் பூட்டிப் பாருங்கள். வெள்ளைப் பூச்சும் தாளும் பெட்டி விரிந்து கிடக்கும்போதே முடிய வேண்டும்; மூடிய பிறகு கை நுழையாது. தாளை ஒட்ட நீர்ப்பசை வேண்டாம், தாள் சுருங்கி அலைபாயும், ஒவ்வொரு அலையும் வெளிச்சத்தில் கறையாகத் தெரியும். துளைகளிலிருந்து விலகி, ஓரங்களில் மட்டும் இருபுறப் பசை நாடா போதும். ஒரு பக்கத்தை, பெரும்பாலும் அடிப்பலகையை, ஒட்டாமல் திருகாணியில் விடுங்கள். பேட்டரி மாற்ற மட்டுமல்ல, எல்இடியின் உயரத்தைச் சரிசெய்யவும் அது வேண்டும்.

எல்இடியை நேரடியாக ஒட்டிவிடாமல் ஒரு சிறு அட்டைத் தண்டின் மேல் நிறுத்தி, இருட்டறையில் மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். ஒளிரும் விளக்கில் தாளின் மீது எல்இடி ஒரு பிரகாசப் பொட்டாகத் தெரிந்தால், எல்இடியைச் சுற்றி டிரேசிங் பேப்பரில் ஒரு சிறு குழாய் சுருட்டி வையுங்கள். பொட்டு கரைந்து பரவும்.

மினுங்கலை நீங்களே எழுத விரும்பினால்

கடையில் வாங்கிய எல்இடியின் படபடப்பு பிடிக்கவில்லை என்றால், ஆர்டுயினோ போன்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையும் சாதாரண எல்இடியும் வைத்து மினுங்கலை நிரலாக எழுதலாம். பலர் எழுதும் முதல் நிரல், ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு தற்செயல் எண்ணை எடுத்துப் பிரகாசமாக வைப்பது. அது கெட்டுப்போன குழல்விளக்குபோல் வெட்டி வெட்டி எரியும். அதற்குப் பதில், இப்போதிருக்கும் பிரகாசத்திலிருந்து சிறிது கூட்டியோ குறைத்தோ நகருங்கள். சில நொடிகளுக்கு ஒரு முறை மட்டும் சட்டென்று தாழ்த்தி, பிறகு மெல்ல ஏற்றுங்கள். இறக்கம் வேகம், ஏற்றம் நிதானம். சுடரின் இயல்பு அதில் வந்துவிடும்.

கண் பிரகாசத்தை நேர்விகிதத்தில் உணர்வதில்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஒளியைப் பாதியாகக் குறைத்தாலும் கண்ணுக்கு அது முக்கால் பங்குபோலவே தெரியும். நிரலில் பிரகாசத்தை 0 முதல் 255 வரையான எண்ணாகக் கொடுப்போம்; 200க்கும் 255க்கும் இடையே ஆடும் மினுங்கல் மிக மெல்லியதாகவே தெரியும். வழக்கமான ஆட்டம் 120க்கும் 220க்கும் இடையிலும், அவ்வப்போது வரும் தாழ்வு 60 அளவிலும் இருக்கட்டும். முழுதாக அணைத்து அணைத்து ஏற்றும் வேலை வேண்டாம். வினாடிக்கு 3 முதல் 30 தடவை வரை பளிச்சிட்டு அணையும் ஒளி, ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களைப் பாதிக்கக்கூடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இடையே 30 முதல் 80 மில்லி வினாடி வரை தற்செயலான இடைவெளி விட்டுத் தொடங்குங்கள். விளக்கைப் பூட்டி, தாளும் ஒட்டிய பிறகே அந்த எண்களைத் திருத்துங்கள். வெறும் எல்இடியில் அளவாகத் தெரியும் மினுங்கல் தாளுக்குப் பின்னால் போனதும் வேறுவிதமாகத் தெரியலாம்.